சூத்திரம் சரியாக இருந்தால் ஓட வேண்டியதில்லை

மே மாத மாலையில் வட சென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் போனால் இந்தக் காட்சி கண்ணில் படும். பையன் ஒருவன் நூலைப் பிடித்துக்கொண்டு தலைதெறிக்க ஓடுவான். பின்னால் காத்தாடி தரையில் தேய்ந்து, இரண்டு ஆள் உயரம் எழும்பி, கரணம் அடித்துத் தலைகுப்புற விழும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர், "இன்னும் வேகமா ஓட்றா" என்பார். தப்பான யோசனை. ஓடினால்தான் எழும்புகிறது என்றால் அங்கே காற்று இல்லை, அல்லது காத்தாடியில் கோளாறு. பெரும்பாலும் இரண்டாவதுதான். குச்சி இரண்டு பக்கமும் சமமாக இருந்து, சூத்திரம் ஒழுங்காகக் கட்டியிருந்தால், நின்ற இடத்தை விட்டு ஓர் அடிகூட நகராமல் காத்தாடியை ஏற்றிவிடலாம்.

வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி. மற்ற ஊரில் பட்டம் என்பது இங்கே காத்தாடி. பட்டம் என்றால் காலேஜில் வாங்குவது. மேலிருந்து கீழாக ஓடுவது நடுக்குச்சி. இடமிருந்து வலமாக வளைந்திருப்பது வில். காத்தாடியையும் கையிலிருக்கும் நூலையும் இணைக்கும் இரட்டைக் கால் நூல்தான் சூத்திரம். மேல் மூலை தலை, பக்கத்து மூலைகள் ரெக்கை, கீழே வால். இவ்வளவுதான் காத்தாடி. உறுப்புகள் குறைவு என்பதால் ஒன்று அரை சென்டிமீட்டர் பிசகினாலும் மற்றது சரிக்கட்டாது.

முதலில் நூல்

வட சென்னையில் காத்தாடி என்று வாயெடுத்தாலே அடுத்த சொல் மாஞ்சா. கண்ணாடித் தூளைப் பசையில் குழைத்து நூலில் ஏற்றுவது. அடுத்தவன் காத்தாடியை அறுக்கும் 'டீல்' விளையாட்டுக்காக வந்தது. அறுந்த நூல் காத்தாடியோடு போய்விடாது. மேம்பாலத்தின் குறுக்கே, இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே, பைக்கில் வருகிறவரின் கழுத்து உயரத்தில் தொங்கிக்கொண்டு நிற்கும். அப்பாவுக்கு முன்னால் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்து வரும் குழந்தைக்குத்தான் அது முதலில் படும். இதில் உயிர்கள் போயிருக்கின்றன. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் முதலிய செயற்கை இழையில் செய்த மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. சென்னை மாநகரக் காவல்துறையும் மாஞ்சா நூல் செய்யவும் விற்கவும் பயன்படுத்தவும் தடை போட்டிருக்கிறது. கடைக்காரர் குரலைத் தாழ்த்தி "உள்ளே வேற நூலு இருக்கு" என்றால் கையிலிருக்கும் காத்தாடியையும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

டீல் இல்லாமல் காத்தாடியில் என்ன ருசி என்று கேட்கிறவர்கள் உண்டு. இப்படிப் பாருங்கள்: மாஞ்சா வைத்திருப்பவனின் காத்தாடி சுமாராக இருந்தாலும் நூல் அவனைக் காப்பாற்றிவிடும். சாதா நூலில் அந்தச் சலுகை கிடையாது. காத்தாடி நன்றாக இருந்தே ஆக வேண்டும். வித்தை முழுக்க நூலிலிருந்து குச்சிக்கு இடம் மாறுகிறது. தடைக்குப் பிறகு காத்தாடி கட்டக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு அந்த வகையில் லாபம்தான்.

வேண்டியது பூச்சு ஏதும் இல்லாத பருத்தி நூல். தையல் சாமான் கடையில் பாலியஸ்டர் நூலைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். பருத்தி என்று கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு விரல்நீளத் துண்டைப் பெரியவர்கள் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகச் சுருளும். பாலியஸ்டர் கையை அறுக்கும். மரத்தில் சிக்கினால் மட்காமல் வருடக்கணக்கில் கிடந்து காக்கையின் காலைச் சுற்றும்.

நூலின் பலத்தைப் பார்க்கத் தண்ணீர் பாட்டில் போதும். ஒரு பக்கம் 20 செ.மீ. உள்ள சின்னக் காத்தாடிக்கு, நிரப்பிய 1 லிட்டர் பாட்டிலை ஒற்றை நூலில் கட்டித் தூக்கினால் அறக் கூடாது. 40 செ.மீ. காத்தாடிக்கு 2 லிட்டர் பாட்டில். ஏன் இவ்வளவு என்றால், மணிக்கு 15 கி.மீ. காற்றில் 40 செ.மீ. காத்தாடி கையை இழுப்பது ஏறக்குறைய 170 கிராம் எடைக்குச் சமம். காற்று 30 கி.மீ. ஆனால் இழுப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். 700 கிராமைத் தொடும். அதற்கு மேல் நீங்கள் ஒரு வெட்டு வெட்டி இழுப்பீர்கள். அதற்கும் இடம் வேண்டும். ஒற்றை நூல் தாங்காவிட்டால் இரண்டை முறுக்கி ஒன்றாக்கிக்கொள்ளலாம். முடிச்சு விழும் இடம்தான் எப்போதும் முதலில் அறும். அதனால் துண்டு துண்டாக ஒட்டுப் போட்ட நூலை நம்ப வேண்டாம்.

நூலைச் சுற்றப் பால் பவுடர் டப்பா நல்லது. விட்டம் பெரியது, ஒரு சுற்றுக்கு நிறைய நூல் ஏறும். 100 மீட்டருக்கு மேல் ஆரம்பத்தில் யாருக்கும் தேவைப்படாது. கடைசி முனையை டப்பாவில் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முதல் நாளே காத்தாடியையும் நூலையும் சேர்த்துப் பறிகொடுப்பவர்கள் மறந்தது இந்த முடிச்சைத்தான்.

தொடப்பக்குச்சிக் காத்தாடி

முதல் காத்தாடிக்கு மூங்கில் தேடி அலைய வேண்டாம். வீட்டுத் தென்னந்தொடப்பத்திலிருந்து ஈர்க்குச்சி மூன்று உருவிக்கொள்ளுங்கள். காய்ந்து முறுகியது ஆகாது. வளைத்தால் நெளிந்து கொடுக்க வேண்டும். தாளுக்குச் செய்தித்தாள் போதும். அதைவிடக் கனமான எதுவும் வேண்டாம். காலண்டர் தாள், நோட்டு அட்டை எல்லாம் பார்க்க அழகு, ஏறாது.

20 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். ஸ்கேலும் பென்சிலும் இல்லாமலும் சரியான சதுரம் வரும்: தாளின் ஒரு மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து முக்கோணமாக மடித்து, மிஞ்சுவதை வெட்டினால் போதும். மடிப்புக் கோடே நடுக்குச்சி போகும் வழி. அதை நகத்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள், பிறகு அந்தக் கோட்டிலேயே கிழியும்.

மூலை மேலே வரும்படி திருப்பிப் பிடித்தால் தலையிலிருந்து வால் வரை 28 செ.மீ. சொச்சம். நடுக்குச்சி 28 செ.மீ., தடித்த முனை தலைப்பக்கம். வில் 33 செ.மீ. வளைந்த வில் தலையிலிருந்து 6 செ.மீ. கீழே நடுக்குச்சியைக் கடக்கும். நடுக்குச்சியை முழு நீளத்துக்கும் ஒட்டுங்கள். வில்லை இரண்டு ரெக்கை முனைகளில் மட்டும், தாளின் மூலையை அதன்மேல் மடித்து ஒட்டுங்கள். நடுவே எங்கும் ஒட்டாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

ஈர்க்கில் ஒரு வில்லங்கம் உண்டு. அடி தடிப்பு, நுனி மெலிசு. அப்படியே வில்லாக வளைத்தால் மெல்லிய பக்கம் கூடுதலாக வளைந்து, காத்தாடி பிறவியிலேயே கோணலாகிவிடும். தடித்த பாதியைப் பிளேடால் சுரண்டிச் சுரண்டி இரண்டு பக்கமும் ஒரே வளைவு வரும்வரை கொண்டுவரலாம். சுரண்டப் பொறுமை இல்லாவிட்டால் மெல்லிய ஈர்க்கு இரண்டை அடியும் நுனியும் மாற்றி அடுக்கி, மூன்று இடத்தில் தையல் நூலால் கட்டிவிடுங்கள். மூன்று குச்சி உருவச் சொன்னது அதற்குத்தான்.

செய்தித்தாளில் 2 செ.மீ. அகலத்தில் பட்டை கிழித்து, ஒட்டி நீட்டி, 1.2 மீட்டர் வால். சூத்திரத்துக்குத் தலையிலிருந்து 6 செ.மீ.யில் ஒரு கட்டு, 19 செ.மீ.யில் ஒரு கட்டு. மேல்கால் 15 செ.மீ., கீழ்க்கால் 16 செ.மீ. (கட்டும் விதம் பின்னால், 'சூத்திரம்' பகுதியில்.) அரை மணி நேர வேலை. கெட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. இப்படி நான்கு கட்டிப் பார்த்தவர் மூங்கிலுக்குப் போகலாம்.

மூங்கில், பசை, தாள்

40 செ.மீ. காத்தாடிக்கு வருவோம். வண்ணக் காகிதத்தில் கட்டினால் மொத்தமே 8, 9 கிராம் இருக்கும், செய்தித்தாளில் 12, 13 கிராம். (1934ஆம் ஆண்டு இந்திய விமானச் சட்டம் 'விமானம்' என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் பலூன், கிளைடரோடு காத்தாடியையும் சேர்த்திருந்தது. 8 கிராம் விமானம்!)

சாரம் கட்டும் மூங்கில் விற்கும் கடையில் உடைந்த துண்டு கிடைக்கும். பிய்ந்த மூங்கில் கூடையின் பட்டையும் ஆகும், ஆனால் அது ஏற்கெனவே வளைந்து பழகியிருக்கும். மெழுகுவத்திச் சுடரின் மேலாகக் காட்டி, சூடு ஏறியதும் எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் நேராகும். சுடரில் படக் கூடாது, கருகினால் அங்கேயே ஒடியும். மூங்கிலின் வெளித்தோல்தான் பலம். உள்பக்கத்தைச் சீவுங்கள், தோலில் கத்தி வைக்காதீர்கள். வில்லில் அந்தத் தோல் வளைவின் வெளிப்புறமாக இருக்கட்டும்.

கணுவை எங்கே வைப்பது என்பதுதான் புதியவர்கள் கவனிக்காத விஷயம். கணு மற்ற இடத்தைப் போல வளையாது. 66 செ.மீ. வில்லில் ஒரு கணுவாவது வந்தே தீரும். ஒன்று என்றால் நட்ட நடுவில் வரும்படி வெட்டுங்கள். இரண்டு என்றால் நடுவிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில். ஒரு ரெக்கையில் மட்டும் கணு இருந்தால் அந்தக் குச்சியை நடுக்குச்சி ஆக்கிவிட்டு வேறு குச்சி எடுங்கள்.

நடுக்குச்சி 57 செ.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன். வில் 66 செ.மீ., நடுவில் 2 மி.மீ.யைவிடக் கொஞ்சம் கூடுதலான உருண்டை, முனைகளில் ஒன்றரை. வில் சீவி முடித்ததும் இரண்டு சோதனை. நடுப்புள்ளியைக் கத்தி முனையில் வைத்தால் தராசுத் தண்டு மாதிரி படுக்கையாக நிற்க வேண்டும். பிறகு இரண்டு முனையையும் உள்ளங்கைகளில் வைத்து அழுத்தி வளைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் விறைத்து நிற்கிறதோ அந்தப் பக்கம் சீவல் பாக்கி. ஒரு சீவல், ஒரு பார்வை. இரண்டு சீவல் சேர்த்துச் சீவினால் கை மறுபக்கம் போய்விடும். பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறிச் சீவி, கடைசியில் பல் குத்தத்தான் ஆகும்.

பசைக்கு மைதா. இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் கால் டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு முக்கால் டம்ளர் தண்ணீர் சேர்த்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போடும் மயில்துத்தத்தைப் பிள்ளைகள் கைவைக்கும் பசையில் போடாதீர்கள், அது நஞ்சு. பசை காய்ச்ச நேரமில்லை என்றால் குழைந்த சோறு நான்கு பருக்கை. நசுக்கித் தேய்த்தால் அருமையாகப் பிடிக்கும். பசையைத் தாளில் தடவாதீர்கள், குச்சியில் தடவுங்கள். நனைந்த தாள் காயும்போது சுருங்கி வரிவரியாக இழுக்கும்.

தாளை 42 செ.மீ. சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் 1 செ.மீ. மடித்து ஒட்டுங்கள். மடிப்புக்குள் தையல் நூல் ஒன்றை ஓடவிட்டால் ஓரம் கிழியாது. நடுக்குச்சியை ஒட்டி, அதன்மேல் மூன்று இடத்தில் சின்னத் தாள் துண்டு ஒட்டிப் பிடிமானம் கொடுங்கள். வில் தலையிலிருந்து 12 முதல் 13 செ.மீ. கீழே நடுக்குச்சியைக் கடக்க வேண்டும். ஒருவர் வில்லை வளைத்துப் பிடிக்க, இன்னொருவர் ரெக்கை முனைகளை ஒட்டுவது சுலபம். முனைமேல் 3க்கு 4 செ.மீ. தாள் ஒட்டி, காயும்வரை புத்தகம் வைத்து அழுத்துங்கள். காய்வது நிழலில். வெயிலில் வைத்தால் தாள் ஒரு பக்கம் முதலில் இறுகி, மணிக்கணக்கில் சீவிச் சமமாக்கிய வில்லைக் கோணலாக்கிவிடும்.

வில்லை ஏன் முனையில் மட்டும் ஒட்டச் சொல்கிறோம் என்றால், இந்தக் காத்தாடி பறப்பதே அந்த அசைவில்தான். நூலை இழுக்கும்போது காற்று ரெக்கைகளைப் பின்னால் தள்ளுகிறது, வில் வளைந்து கொடுக்கிறது, காத்தாடி படகின் அடிப்பாகம் மாதிரி லேசாகக் குவிகிறது. குவிந்த காத்தாடி தலை பார்த்த திசையில் நேராகப் போகும். நூலைத் தளர்த்தினால் வில் நிமிர்ந்து காத்தாடி தட்டையாகிறது. தட்டையானால் சுற்றும். இழுத்தால் நேர், விட்டால் சுற்று. கெட்டிக்காரர்கள் வானத்தில் காட்டும் அத்தனை வித்தையும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம். வில்லைத் தாளோடு சேர்த்து ஒட்டினால் இரண்டும் போச்சு.

சூத்திரம்

நூல் 80 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். குச்சிகள் பின்பக்கம், வழவழப்பான தாள் உங்கள் பக்கம். சூத்திரம் தாள் பக்கத்தில் வர வேண்டும். மேல்கட்டு வில்லும் நடுக்குச்சியும் சந்திக்கும் இடத்தில். கீழ்க்கட்டு தலையிலிருந்து 38 செ.மீ.யில், அதாவது நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கிய இடத்தில். இரண்டு இடத்திலும் முதலில் 2 செ.மீ. தாள் துண்டு ஒட்டி, காய்ந்த பிறகு ஊதுபத்திக் குச்சி முனையால் நடுக்குச்சிக்கு இருபுறமும் ஓட்டை போடுங்கள். மேலே நான்கு ஓட்டை. நூல் குச்சி இரண்டையும் சேர்த்துக் கூட்டல் குறி மாதிரி கட்ட வேண்டும். கீழே இரண்டு போதும்.

இப்போது இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து, மேல்கால் 30 செ.மீ., கீழ்க்கால் 32 செ.மீ. வரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, அதற்கு மேல் ஒரு சின்ன வளையம் விடுங்கள். கை நூல் அந்த வளையத்தில் சேரும். முடிச்சை இறுக்குவதற்கு முன் அந்த வளையத்தில் விரலை நுழைத்துக் காத்தாடியைத் தூக்குங்கள், மின்விசிறி இல்லாத அறையில். தலை லேசாக மேலே, வால் கீழே தொங்க வேண்டும். ரெக்கை இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு ரெக்கை தாழ்ந்தால் எதிர் ரெக்கை முனையில் நகமளவு தாள் ஒட்டுங்கள். இன்னும் தாழ்ந்தால் இன்னொன்று. இந்தச் சோதனையை மாடிக்குப் போகும் முன்னாலேயே முடித்துவிட வேண்டும். மாடியில் காற்று வந்துவிட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது.

மேலே ஏறிய பிறகு காத்தாடியே தன் நோயைச் சொல்லும். கையைப் பலமாக இழுக்கிறது, ஆனால் உயரம் போகாமல் முன்னாலேயே நின்று முரண்டு பிடிக்கிறது என்றால் தலை அதிகமாக நிமிர்ந்துவிட்டது. மேல்காலை அரை செ.மீ. குறையுங்கள். மாறாக, இழுப்பே இல்லை, தாள் படபடவென்று அடிக்கிறது, தலைக்கு நேர் மேலே வந்து முன்பக்கம் சரிந்து விழுகிறது என்றால் தலை படுத்துவிட்டது. மேல்காலை அரை செ.மீ. நீட்டுங்கள். காற்று பலமான நாளில் மேல்கால் கொஞ்சம் குட்டையாகவும், மந்தமான நாளில் இரண்டு காலும் ஏறத்தாழச் சமமாகவும் இருக்கலாம். ஒரு முறைக்கு அரை செ.மீ., அதற்கு மேல் வேண்டாம். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

ஒரே பக்கம் சாய்கிறது என்றால் சூத்திரத்தைத் தொடாதீர்கள். அது வில்லின் குற்றம். இடப்பக்கம் சாய்ந்தால் இட ரெக்கை வில் மெலிசு, அல்லது அந்தப் பக்கம் கனம். வீட்டில் என்றால் வலப்பக்கத்தைச் சீவலாம். மைதானத்தில் என்றால் வல ரெக்கை முனையில் தாள் ஒட்டியோ, நூலை நாலு சுற்றுச் சுற்றியோ சமாளிக்கலாம். காற்று திடீரென்று வீசும்போது மட்டும் சுழல்கிறது என்றால் வால் போதவில்லை.

வால் பற்றி ஒன்று. வால் வைப்பது கௌரவக் குறைவு என்று நினைக்கிற பையன்கள் உண்டு. டீல் காத்தாடிக்கு வால் கிடையாது, சுற்றித் திரும்புவதுதான் அதற்கு வேலை. பழகும்வரை 2.5 செ.மீ. அகலத்தில் இரண்டரை மீட்டர் தாள் வால் கட்டுங்கள். ஏற மறுத்தால் 30 செ.மீ. கிள்ளுங்கள், ஆடினால் 30 செ.மீ. சேருங்கள். கை பழகப் பழக வால் தானாகக் குறைந்துகொண்டே வரும்.

கடைக் காத்தாடி வாங்குவதானால் இதே கண்ணோடு பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசி ஓட்டை தெரியும். நடுக்குச்சியை நீளவாக்கில் விரல்மேல் நிறுத்தினால் எந்த ரெக்கை கனம் என்று தெரியும். வில்லை மெல்ல அழுத்தினால் வளைவு தெரியும். கட்டிலிருந்து மேலே இருப்பதை எடுக்காமல் நடுவிலிருந்து எடுங்கள். மேலே இருப்பது எல்லோர் கையும் பட்டு வில் தளர்ந்திருக்கும். படம் போட்ட பிளாஸ்டிக் காத்தாடியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏறும், ஆனால் எதையும் கற்றுத் தராது.

காற்றும் இடமும்

கட்சிக் கொடியைப் பாருங்கள். கம்பத்தோடு ஒட்டித் தொங்கினால் வீட்டிலேயே இருங்கள். முழுக்க விரிந்து பறந்தால் மணிக்கு 12 முதல் 19 கி.மீ. காற்று, ஆரம்பத்துக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. தெருவில் தூசியும் குப்பைத் தாளும் கிளம்பினால் 20ஐத் தாண்டிவிட்டது, தாள் காத்தாடிக்கு ஆபத்து. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கலாம், 40 செ.மீ. காத்தாடி கிழியும். ஆடிக்குச் சின்னக் காத்தாடியும் நீள வாலும்.

கோடையில் நண்பகல் வாக்கில் கடல் காற்று உள்ளே வரும், கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும். ஜூன், ஜூலையில் காலையெல்லாம் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வீசி, கடல் காற்று சாயங்காலம்தான் தலைகாட்டும். திருவொற்றியூர்க் கரையில் நிற்பவருக்கு இதன் பொருள் வேறு. கடல் காற்றில் காத்தாடி மேற்கே போகும், அங்கே கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலை. நூல் தாழ்ந்தால் சாலைமேல்தான் விழும். மேல்காற்றில் கடல்மேல் போகும்; அறுந்தால் காத்தாடிக்குத் தலைமுழுக்கு, ஆனால் யாருக்கும் கழுத்தில் படாது. மணல் அரித்துப்போன இடங்களில் கரையோரம் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். வானத்தைப் பார்த்தபடி பின்னால் நடப்பவருக்கு அந்தக் கற்கள் தெரியாது. கல் இருக்கும் பக்கத்துக்கு உங்கள் முதுகைக் காட்டாதீர்கள்.

மொட்டை மாடியில் காற்று நிறைய இருப்பது போலத் தோன்றும். அதில் பாதி சுழல். பக்கத்தில் உயர்ந்த கட்டடம் ஒன்று காற்று வரும் திசையில் இருந்தால், அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம்வரை காற்று கலங்கியிருக்கும். அதில் எந்தக் காத்தாடியும் ஒழுங்காகப் போகாது. சூத்திரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கைப்பிடிச் சுவர் இடுப்புக்குக் கீழே இருக்கும் மாடியில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். மாநகராட்சி மைதானமோ பள்ளி மைதானமோ எப்போதும் மேல்.

ரயில் பாதைப் பக்கம் வேண்டவே வேண்டாம். கொருக்குப்பேட்டை வழியாக எண்ணூர் போகும் தடத்தின் மேல்கம்பியில் 25,000 வோல்ட். டோல்கேட்டிலிருந்து விம்கோ நகர் வரை தூண்மேல் ஓடும் மெட்ரோவின் கம்பியிலும் அதே 25,000. கடற்காற்றில் ஈரம் ஏறிய பருத்தி நூல் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியில் சிக்கிய காத்தாடியைக் குச்சி வைத்து எடுப்பதும், நூலைப் பிடித்து இழுப்பதும் கூடாது. நூலைக் கீழே போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். செலவு இரண்டு குச்சியும் ஒரு தாளும்தான்.

ஏற்றுவது

காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். கூட இருப்பவர் காத்தாடியை எடுத்துக்கொண்டு காற்று போகும் திசையில் 15, 20 மீட்டர் நடக்கட்டும். தலை மேலே, தாள் உங்களைப் பார்த்து, இரண்டு கையாலும் வில்லுக்குக் கீழே பிடித்து நிற்க வேண்டும். தூக்கி எறிய வேண்டாம். நூல் விறைத்ததும், காற்று வந்ததும், கையைத் திறந்தால் போதும்.

"அண்ணா, உடட்டா?"

"இரு... காத்து வரட்டும். இப்ப உடு!"

விட்டவுடன் கைமாற்றிக் கைமாற்றி நூலை உள்ளே இழுங்கள். ஐந்தாறு இழுப்பில் காத்தாடி வீட்டுக் கூரை உயரத்தைத் தாண்டி நிலையான காற்றைப் பிடித்துவிடும். அங்கே போனதும் கொஞ்சம் நூல் விடுங்கள். பின்னால் சாய்ந்து தூரம் போகும். நிறுத்தி இழுங்கள், உயரம் போகும். தூரம், உயரம், தூரம், உயரம். நூலை மொத்தமாக விட்டால் காத்தாடி தட்டையாகிச் சுற்ற ஆரம்பிக்கும்.

தலை கீழே திரும்பிப் பாய வருகிறதே, அந்த நேரத்தில்தான் எல்லோரும் தப்புச் செய்வது. பயத்தில் இழுப்பார்கள். இழுத்தால் தலை பார்த்த திசையில் நேராகப் போகும் என்று மேலே சொன்னோம். தலை தரையைப் பார்த்திருந்தால் தரைக்குத்தான் போகும். அந்த நொடியில் செய்ய வேண்டியது நூலைத் தளர்த்துவது. காத்தாடி தட்டையாகி ஒரு சுற்றுச் சுற்றும், தலை மேலே வரும். அப்போது இழுங்கள். இரண்டு நாள் இதையே பழகினால் கை யோசிக்காமல் செய்யும்.

இறக்கும்போது நூலை இழுத்துக் காலடியில் குவித்தால் சிக்கு விழும். கூட இருப்பவர் டப்பாவில் சுற்றிக்கொண்டே வரட்டும். கடைசி பத்து மீட்டர்தான் ஆட்டம் காட்டும். கூரை உயரத்துக்குக் கீழே காற்று கலங்கியிருக்கும். அங்கே நீங்களே காத்தாடியை நோக்கி நடந்தால் இழுப்புக் குறைந்து மெதுவாக இறங்கும். அறுந்த நூல் துண்டு மரத்திலோ கேபிள் ஒயரிலோ தொங்கினால் கைக்கு எட்டுமட்டும் சுற்றி எடுத்து வந்துவிடுங்கள். சாதா நூல்தானே என்று விட்டுவிடாதீர்கள், அணிலுக்கும் காக்கைக்கும் சாதா நூலும் சுருக்குத்தான்.

சாயங்கால ஈரத்தில் தாள் தொளதொளவென்று ஆகும், பயப்பட வேண்டாம், மறுநாள் காய்ந்தால் இறுகிவிடும். வீட்டில் சுவரோடு சாய்த்து வைத்தால் வில் ஒரு பக்கம் அமுங்கிப் பழகும். ஆணியில் நடுக்குச்சியின் தலைப்பக்கத்தை மாட்டித் தொங்கவிடுங்கள், அலமாரிக்குப் பின்னால் மட்டும் செருகாதீர்கள். அங்கே கரப்பான் இருக்கும். கரப்பானுக்கு மைதா பசை ரொம்பப் பிடிக்கும்; இரண்டே ராத்திரியில் ரெக்கை முனையைத் தின்றுவிட்டு வில்லை நிமிர்த்திவிடும்.